கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே பேக் செய்ய எளிதான இனிப்புகள்: எதில் தொடங்கலாம்?

புதுஓவன்

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு ஆசை. கடையில் வாங்காமல், நானே பேக் பண்ணின இனிப்புகளை டப்பாவில் அடுக்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கூட வேலை பார்க்கிறவங்களுக்கும் கொடுக்கணும். மொத்தம் ஒரு எட்டு டப்பா.

சாதாரண வெனிலா கேக் தைரியமா பண்ணுவேன். குக்கி பக்கம் இன்னும் போகலை. வேலை முடிஞ்சு வந்து சாயந்தரம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுசா இருக்கு. ஐசிங் கோன் வச்சுப் பூ போடறதெல்லாம் வேண்டாம். பார்க்க அழகா இருக்கணும், சாப்பிட்டவங்க இன்னொன்னு கேட்கணும், எனக்கும் பண்டிகை அன்னைக்கு நிக்கத் தெம்பு இருக்கணும். எதில் தொடங்கலாம்? எது நாள் கடந்தும் கெடாம இருக்கும்?

வெண்ணெய்க்கட்டி

ஷார்ட்பிரெட். யோசிக்கவே வேண்டாம்.

ஸ்காட்லாந்தின் பிஸ்கட் அது. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு, எல்லாமே எடைக் கணக்கு. 100, 200, 300 கிராம் என்று மனசில் வச்சுக்கிட்டா போதும், குறிப்பைத் தேட வேண்டியதில்லை. முட்டை கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை உப்பு.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழணும், ஆனால் பளபளன்னு உருகியிருக்கக் கூடாது. பொடிச்ச சர்க்கரையோடு குழைச்சு, மைதாவைச் சலிச்சுப் போட்டு, மாவு ஒன்றாகச் சேர்ந்ததும் கையை எடுத்திடுங்க. சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி பிசைஞ்சால் மைதாவில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் இறுகிக் கடிக்கவே முடியாமல் போகும். 20 செ.மீ. சதுர ட்ரேயில் பட்டர் பேப்பர் விரிச்சு, அழுத்திப் பரப்பி, முள்கரண்டியால் முழுக்கக் குத்தி, 160 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். மேலே வெளிர்ப் பொன்னிறம் வந்தால் எடுத்திடலாம். பழுப்பாகும் வரை விட்டால் வெண்ணெயின் மணம் போயிடும்.

முக்கியமான ஒன்று: ஓவனிலிருந்து எடுத்த உடனே, சூட்டோடு ட்ரேயிலேயே விரல் விரலா வெட்டிடணும். ஆறினால் உடையும், வெட்டு நேரா வராது. வெட்டி அப்படியே ஆற விடுங்க. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாராளமா இருக்கும். பேக் பண்ணின அன்னைக்கு இருந்ததைவிட இரண்டாம் நாள் ருசி இன்னும் கூடும்னுகூடச் சொல்வேன்.

கிராம்பு

வெண்ணெய்க்கட்டி அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். ஒரு சேர்க்கை மட்டும்: 300 கிராம் மைதாவில் 50 கிராமை எடுத்துவிட்டு அதே எடைக்கு அரிசி மாவு போடுங்கள். கடித்ததும் மணல் மணலாக உதிரும். ஸ்காட்லாந்திலேயே இது பழைய வழக்கம்தான்.

இந்த ஒரே மாவை வைத்து மூன்று டப்பா வகை செய்யலாம். ஒரு பங்கில் எலுமிச்சைத் தோலைத் துருவிப் போடுங்கள் (மஞ்சள் பகுதி மட்டும், வெள்ளை கசக்கும்). இன்னொன்றில் பொடியாக நறுக்கிய பிஸ்தாவும் உலர்ந்த கிரான்பெரியும். பச்சையும் சிவப்பும் வெட்டுமுகத்தில் தெரியும்போது வேறு அலங்காரமே தேவைப்படாது. மூன்றாவதை வெறுமனே பேக் செய்து, ஆறியபின் பாதியை உருக்கிய டார்க் சாக்லேட்டில் முக்கிக் காகிதத்தில் வையுங்கள்.

ட்ரேயில் பரப்ப விருப்பமில்லை என்றால் மாவை உருளையாக உருட்டி, காகிதத்தில் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். வேண்டும்போது எடுத்து, கத்தி இறங்கும் அளவுக்குச் சற்று நேரம் விட்டு, வட்டம் வட்டமாக நறுக்கி பேக் செய்ய வேண்டியதுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்கிறீர்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. மாவு ஒரு நாள், சுடுவது ஒரு நாள்.

புதுஓவன்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! ஷார்ட்பிரெட் உறுதி. ஒரு சந்தேகம். என்கிட்ட தராசு இல்லை, அளவு கப்தான். 300 கிராம் மைதா எத்தனை கப்?

தராசுமுள்

தோழி, இதற்கு நேர்மையான பதில்: எத்தனை கப் வேண்டுமானாலும் இருக்கலாம். கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டுத் தட்டினால் ஒரு கப் மைதா 120 கிராம் இருக்கும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். கப்பிலும் 240 மில்லி உண்டு, 250 மில்லி உண்டு. கேக்கில் இந்த வித்தியாசம் ஓரளவு மறைந்துவிடும். மூன்றே பொருள் உள்ள பிஸ்கட்டில் மறைய இடமே இல்லை. மாவு கூடினால் வறண்டு உதிரும், குறைந்தால் ட்ரேயில் வழியும்.

ஐசிங் கோன், அச்சு, சிலிகான் தட்டு என்று எதையும் வாங்க வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்றை மட்டும் வாங்குங்கள். பாத்திரத்தை மேலே வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பொருளாகக் கொட்டிக்கொண்டே போகலாம். கழுவ வேண்டிய கப்பும் மிச்சம். எளிதான பேக்கிங் என்று ஒன்று இருக்கிறது என்றால் அது இங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று, ஓவன். பலகையில் 180 என்று காட்டுவதும் உள்ளே இருப்பதும் பல ஓவன்களில் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று இருந்தால் உங்கள் ஓவனின் குணம் தெரிந்துவிடும். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் இந்த இழையில் சொல்லும் டிகிரியில் இருபதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுமனைத்தோழன்

எல்லாரும் குக்கி குக்கி என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

குக்கி எளிது என்பது ஒரு ட்ரேக்குச் சரி. எட்டு டப்பாவுக்கு அது நிற்கும் வேலை. ஒரு ட்ரே உள்ளே போகும், பத்து நிமிஷத்தில் எடுக்கணும், அடுத்தது போகும், நடுவில் அடுப்படியை விட்டு நகர முடியாது. வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு ஒரே டின்னில் ஊற்றி ஓவனில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிற கேக்தான் எளிது. அவருக்குக் கேக் ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

என் பரிந்துரை, வேகவைத்த பழக் கேக். மாதக்கணக்கில் ஊறவைக்கும் வேலை கிடையாது.

கனமான பாத்திரத்தில் உலர்பழங்கள் 600 கிராம் (திராட்சை, கறுப்புத் திராட்சை, நறுக்கிய பேரீச்சை, செர்ரி, எது கிடைக்கிறதோ), வெண்ணெய் 150 கிராம், பழுப்புச் சர்க்கரை 150 கிராம், ஆரஞ்சுச் சாறு 200 மில்லி, ஒரு ஆரஞ்சின் தோல் துருவல். கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஒரு பத்து நிமிஷம். பழம் சாற்றைக் குடித்துப் பெருத்துவிடும். அடுப்பை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு முட்டையைச் சேர்த்தால் முட்டை வெந்து கட்டியாகிவிடும். ஆறியபின் அடித்த முட்டை மூன்று, மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பட்டைப்பொடி ஒரு டீஸ்பூன், ஜாதிக்காய் கொஞ்சம். கலக்கி, அடியிலும் பக்கத்திலும் இரட்டைக் காகிதம் போட்ட 18 செ.மீ. டின்னில் ஊற்றி 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். அதன்பின் குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈரமாவு ஒட்டினால் இன்னும் பத்துப் பத்து நிமிஷமாக விடுங்கள். மேலே சீக்கிரம் கறுத்தால் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள்.

சுட்ட அன்று வெட்டாதீர்கள். காகிதத்தில் சுற்றி இரண்டு நாள் வைத்தபின் வெட்டினால் துண்டு உதிராமல் வரும், மணமும் உள்ளே இறங்கியிருக்கும்.

தேன்கூடு

தோழன் அண்ணா, அருமையான குறிப்பு. பழம் அடியில் இறங்கிடாதா? மைதாவில் புரட்டிப் போடணும்னு சொல்வாங்களே?

அடுமனைத்தோழன்

இந்த மாவு கெட்டி, அதனால் இறங்காது. பழத்தைத் தாங்குவது மாவின் கெட்டித்தன்மைதான். தண்ணீர் போல ஓடுகிற கேக் மாவில் எவ்வளவு மைதாவில் புரட்டினாலும் பெரிய செர்ரி அடிக்குத்தான் போகும். சிரப்பில் ஊறின செர்ரி என்றால் மட்டும் கழுவி, துடைத்து, நான்காக நறுக்கிப் போடுங்கள்.

கிராம்பு

ஊறவைப்பது பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் அட்வென்ட் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஏறக்குறைய நான்கு வாரங்கள்) தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்றே, உலர்பழம் சேர்த்து வேகவைக்கும் கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கான மாவைக் கலக்கி வைக்கும் வழக்கம் உண்டு. குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு முறை கரண்டியைச் சுற்ற வேண்டும். பழக் கேக்கையும் அந்தச் சமயத்தில் சுட்டு, வாரம் ஒரு முறை பிராந்தி ஊட்டி ஊட்டிக் கிறிஸ்துமஸ் வரை வைப்பார்கள். நாள்பட வைக்க முடிவதற்கு மதுவும் சர்க்கரையும் உலர்பழமும் சேர்ந்து காரணம்.

மது வேண்டாம் என்றால் ஆரஞ்சுச் சாறோ ஆப்பிள் சாறோ கட்டாங்காப்பியோ நன்றாகவே இருக்கும். ஆனால் சாறு ஊற்றி ஊற்றி வாரக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். சாற்றில் செய்த கேக்கைச் சுட்டு ஆறியதும் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கொடுப்பதற்கு முந்தைய நாள் எடுங்கள். வெளியில் வைத்தால் சில நாட்களுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்து, மது சேர்த்திருந்தால் சொல்லிக் கொடுப்பது அவசியம்.

பால்நிலா

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எனக்கு வீட்டில் இரண்டு வாண்டுகள், ஆறு வயசும் ஒன்பது வயசும். அவங்க கையால் செய்யணும்னு ஒரே பிடிவாதம். ஷார்ட்பிரெட்டில் அவங்களுக்கு வேலையே இல்லை. அச்சு வச்சு வெட்டற நட்சத்திரம், மரம், மனுஷ பொம்மை, இதெல்லாம் செய்ய நல்ல மாவு எது? வெட்டினா வடிவம் கலையாம நிக்கணும்.

சுக்குப்பொடி

ஜிஞ்சர்பிரெட்தான், வேறென்ன! என் பெயருக்கு இந்தக் கேள்வியை விட முடியுமா.

மைதா 350 கிராம், சமையல் சோடா 1 டீஸ்பூன், சுக்குப்பொடி 2 டீஸ்பூன், பட்டைப்பொடி 1 டீஸ்பூன், கிராம்புப்பொடி கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இதெல்லாம் ஒன்றாகச் சலித்து வையுங்கள். வெண்ணெய் 120 கிராம், பழுப்புச் சர்க்கரை 150 கிராம், தேன் 80 கிராம், மூன்றையும் குழைத்து ஒரு முட்டை. பிறகு மாவுக் கலவை. மாவு கையில் ஒட்டுகிற மாதிரிதான் இருக்கும், பயந்து மைதாவைக் கொட்டாதீர்கள். இரண்டாகப் பிரித்துத் தட்டையாகத் தட்டி, சுற்றி, ஃபிரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம். அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, 180 டிகிரியில் 9 முதல் 11 நிமிஷம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போது இறுகிவிடும்.

தேனும் பழுப்புச் சர்க்கரையும் லேசான புளிப்பு உள்ளவை. சோடா அவற்றோடு வேலை செய்வதால்தான் உப்பலும் அந்தச் செம்பழுப்பு நிறமும் கிடைக்கிறது. மசாலா மணம் நாலைந்து நாளில் ஏறும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் இந்த வகை மசாலாப் பண்டத்துக்கே பேர்போனது. அங்கே செய்யும் லேப்குஹன் ஐரோப்பாவில் புவிசார் பாதுகாப்பு பெற்றது. அதன் உயர்ந்த வகையில் மாவு 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கொட்டை வகைகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் சொல்லிவிடுங்கள்: தேன் சேர்த்தது, சுட்டதாக இருந்தாலும் அந்த வயதுக்குக் கொடுக்கக் கூடாது.

அடுமனைத்தோழன்

> குறைந்தது இரண்டு மணி நேரம்

இங்கே மறுபடியும் மாறுபடுகிறேன், சுக்குப்பொடி அக்கா கோபிக்க வேண்டாம். ஆறு வயதுக் குழந்தையிடம் "இரண்டு மணி நேரம் பொறு" என்றால் அது வேறு விளையாட்டுக்குப் போய்விடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவு கல்லாக இருக்கும், தேய்க்கப் பெரியவர்களுக்கே தோள் வலிக்கும், ஓரம் வெடிக்கும். எனக்கென்னவோ குளிர வைக்காமலே செய்யலாம் என்று தோன்றுகிறது.

சுக்குப்பொடி

கோபம் எதற்குத் தம்பி. ஆனால் குளிர வைக்காமல் வெட்டிப் பாருங்கள், நட்சத்திரத்தின் முனை உருண்டு பூ மாதிரி ஆகிவிடும். பால்நிலா கேட்டதே வடிவம் கலையக் கூடாது என்றுதான்.

தராசுமுள்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி இருக்கிறது. குளிர்ச்சி ஏன் தேவை என்று பார்த்தால் வழி கிடைத்துவிடும்.

வெண்ணெயில் 80 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். 32 முதல் 35 டிகிரிக்குள் அது முழுக்க உருகிவிடும். ஓவனுக்குள் போகும்போதே மாவு வெதுவெதுப்பாக இருந்தால், மைதாவும் முட்டையும் இறுகி வடிவத்தைப் பிடிப்பதற்கு முன் கொழுப்பு ஓடிவிடுகிறது, பிஸ்கட் பரவுகிறது. குளிர்ந்த மாவுக்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது. ஆகவே குளிர வேண்டியது ஓவனுக்குள் போகும் நேரத்தில். தேய்ப்பதற்கு முன் குளிர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எனவே வரிசையை மாற்றுங்கள். மாவு கலந்ததும், மென்மையாக இருக்கும்போதே, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்துவிடுங்கள். மாவு தூவத் தேவையில்லை, ஒட்டாது. அந்தத் தாளை அப்படியே ஒரு தட்டில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். உருண்டை மாவு குளிர இரண்டு மணி நேரம் ஆகும். தகடாக இருப்பது அரை மணி நேரத்தில் விறைத்துவிடும். மேல் காகிதத்தை உரித்து அச்சால் வெட்டினால் முனை கூர்மையாக வரும். மிச்சத் துணுக்குகளைச் சேர்த்து மறுபடி இப்படியே.

ட்ரேயும் ஆறியிருக்க வேண்டும். சுட்ட ட்ரேயில் அடுத்த சுற்றை அடுக்கினால் அடுக்கும்போதே உருகத் தொடங்கும். இரண்டு ட்ரே இருந்தால் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

பால்நிலா

இது எனக்குத் தோணவே இல்லையே! தகடா தேய்ச்சுக் குளிர வைக்கிறது. அரை மணி நேரம்னா பிள்ளைங்களை மேலே போட கலர் மிட்டாய் உடைக்க விட்டுடலாம். ரொம்ப நன்றி.

கலர் மிட்டாய்னதும் ஞாபகம் வந்தது: நடுவில் கண்ணாடி மாதிரி தெரியற குக்கி ஒண்ணு பார்த்தேன், அது எப்படி?

சுக்குப்பொடி

அதே மாவுதான். பெரிய நட்சத்திரத்தின் நடுவில் சின்ன அச்சால் ஓட்டை போடுங்கள். ஒளி ஊடுருவும் கடின மிட்டாயை, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிப் பையில் போட்டு, கட்டையால் தட்டிப் பொடியுங்கள். குக்கி முக்கால்வாசி வெந்ததும் ஓட்டையில் பொடியை நிரப்பி, மறுபடி மூன்று நாலு நிமிஷம். உருகிக் கொப்புளம் விட்டுச் சமமாகும். முழுக்க ஆறும் வரை காகிதத்திலிருந்து எடுக்கவே கூடாது. உருகிய சர்க்கரை கையில் பட்டால் தோல் கொப்பளிக்கும், அந்த நேரத்தில் குழந்தைகள் ட்ரே பக்கம் வரக் கூடாது. மரத்தில் தொங்கவிட வேண்டுமானால் மேல் முனையில் ஸ்ட்ராவால் துளை போட்டுவிட்டு, சுட்டெடுத்த சூட்டில் இன்னொரு முறை குத்திவிடுங்கள், மூடியிருக்கும்.

ஈரக்காற்றில் மிட்டாய் பிசுபிசுக்கும். சாப்பிடக் கொடுப்பதை டப்பாவில் மூடிவைத்து, தொங்கவிடுவதை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவைப் பச்சையாக வாயில் போட வாண்டுகள் கை நீளும். முட்டை மட்டுமில்லை, பச்சை மைதாவிலும் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அதைத் தடுத்துவிடுங்கள்.

அந்திமழை

எங்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டோம். ஷார்ட்பிரெட் தவிர வேறு ஏதாவது உண்டா? கேட்டால் எல்லாரும் வாழைப்பழக் கேக் என்றே சொல்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு என்று ஒரு களை வேண்டாமா?

கிராம்பு

நிச்சயம் உண்டு. வனில்லகிப்ஃபெர்ல். ஆஸ்திரியாவில் கிறிஸ்துமஸ் என்றால் இந்தப் பிறைநிலா பிஸ்கட் இல்லாத தட்டு இருக்காது. முட்டை இல்லாமலே செய்யலாம்.

மைதா 250 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 200 கிராம், பாதாம்பொடி 100 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம். வெண்ணெயைத் துண்டுகளாக்கி மாவில் உதிர்த்துச் சேர்த்து, பிடிக்க வரும் பதத்தில் நிறுத்துங்கள். சின்ன நெல்லிக்காய் அளவு எடுத்து, விரல்போல உருட்டி, இரு முனையையும் கூராக்கி வளைத்து, ட்ரேயில் அடுக்கிக் கொஞ்ச நேரம் குளிர வைத்து, 175 டிகிரியில் 12 நிமிஷம். ஓரம் லேசாக நிறம் மாறினால் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து, இளஞ்சூட்டில் வெனிலா கலந்த சர்க்கரைப் பொடியில் மெல்லப் புரட்ட வேண்டும். கொதிக்கும்போது தொட்டால் உடைந்துவிடும், முழுக்க ஆறிவிட்டால் சர்க்கரை ஒட்டாது.

பாதாமை வீட்டிலேயே பொடிக்கலாம். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள், எடுத்து வைத்த சர்க்கரையில் ஒரு ஸ்பூன் கூடப் போடுங்கள். இல்லையென்றால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும்.

ஜிஞ்சர்பிரெட்டிலும் முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் பால் விட்டால் போதும். அதில் முட்டையின் வேலை ஈரமும் பிடிப்பும்தான். பழக் கேக்கில் மூன்று முட்டையை எடுப்பது வேறு கதை. அதற்குக் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்த தனிக் குறிப்பைப் பின்பற்றுவது நல்லது.

தேன்கூடு

முட்டை சாப்பிடறவங்களுக்கு, ஆனா மைதா ஆகாதவங்களுக்கு ஒண்ணு நான் சொல்றேன். பட்டை நட்சத்திரம், ஜெர்மனியில் சிம்ட்ஷ்டெர்ன. மைதாவே கிடையாது. ரெண்டு முட்டை வெள்ளையை நுரைக்க அடிச்சு, 175 கிராம் ஐசிங் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து கெட்டியா ஆக்கணும். அதில் நாலு ஸ்பூன் தனியா எடுத்து வைங்க, மேல் பூச்சுக்கு. மிச்சத்தில் பாதாம்பொடி 250 கிராம், பட்டைப்பொடி ரெண்டு டீஸ்பூன். ஒட்டினா பாதாம் இன்னும் ரெண்டு கரண்டி. ஒரு செ.மீ. கனமா தேய்ச்சு, நட்சத்திரமா வெட்டி, எடுத்து வச்சதை மேலே தடவி, 150 டிகிரியில் ஒரு பதினைஞ்சு நிமிஷம். மேல் பூச்சு வெள்ளையாவே இருக்கணும், நிறம் ஏறக் கூடாது. உள்ளே மெல்லுகிற பதம். அச்சைத் தண்ணீரில் நனைச்சு நனைச்சு வெட்டினா ஒட்டாது.

மைதா ஒவ்வாமை கடுமையா இருக்கிறவங்களுக்குன்னா கட்டை, ட்ரே, ஐசிங் சர்க்கரை சலிச்ச சல்லடை எல்லாமே மைதா படாததா இருக்கணும். அதே மேடையில் ஷார்ட்பிரெட் செஞ்சுட்டு இதைச் செஞ்சு கொடுக்கறது சரியில்லை.

புதுஓவன்

படிக்கப் படிக்க எல்லாத்தையும் செய்யணும்னு இருக்கு! ஆனா மலைப்பாவும் இருக்கு. எதை எப்போ செய்யறது? எல்லாத்தையும் ஒரே டப்பாவில் போடலாமா?

வெண்ணெய்க்கட்டி

எல்லாத்தையும் செய்யாதே தங்கச்சி. மூணு போதும். பத்து வகை வச்சு எதுவும் சரியா வராமல் கொடுக்கிறதைவிட, மூணு வகை மணக்க மணக்கக் கொடுக்கிறது மேல். நீ கேட்ட ஒரு மணி நேரக் கணக்குக்கு இப்படிப் போடு.

டிசம்பர் முதல் வாரத்து ஞாயிறு, தோழன் தம்பி சொன்ன பழக் கேக். ரெண்டு டின்னா சுட்டா எட்டு டப்பாவுக்கும் ஆளுக்கு நாலு துண்டு வரும். சுட்டு, சுற்றி, ஃப்ரீசர். அடுத்த வாரம் ஏதாவது ரெண்டு சாயந்தரம் ஜிஞ்சர்பிரெட் மாவும் ஷார்ட்பிரெட் மாவும் மட்டும் கலந்து வச்சிடு. ஜிஞ்சர்பிரெட்டைத் தகடாகவும் ஷார்ட்பிரெட்டை உருளையாகவும். அதுக்கு அடுத்த வாரம் ஒரு சாயந்தரம் ஒண்ணு சுட்டால் போதும். 22, 23 தேதிக்கு உனக்கு மிச்சம் இருக்கிறது டப்பா கட்டற வேலை மட்டும்.

முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடிச்சுச் செய்யற மெரிங்கையும், நடுவில் ஜாம் வைக்கிற லின்ட்ஸர் பிஸ்கட்டையும் கடைசி ரெண்டு நாளுக்குள்தான் செய்யணும். மெரிங்க் ஈரக்காற்று பட்டால் ஒட்டும், ஜாம் பிஸ்கட் நாளாக ஆக நமத்துப் போகும். இந்த வருஷம் உனக்கு அது வேண்டாம்.

ஒரே டப்பா கூடவே கூடாது. மெத்தென்று இருக்கிற கேக்கின் ஈரத்தை மொறுமொறுப்பா இருக்கிற ஷார்ட்பிரெட் இழுத்துக்கும். ரெண்டு நாளில் கேக் வறளும், பிஸ்கட் நமத்துப் போகும். கிராம்பு, சுக்கு மணம் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு ஏறிடும். வீட்டில் தனித்தனி டப்பாவில் வச்சிருந்து, கொடுக்கிற அன்னைக்கு மட்டும் ஒண்ணா அடுக்கு. அடுக்கும்போதும் கேக் துண்டைத் தனிக் காகிதத்தில் சுற்று.

அந்திமழை

ஐசிங் வேண்டாம் என்றார் அவர், சரி. குழந்தைகள் செய்யும் ஜிஞ்சர்பிரெட்டுக்குக் கண், வாய் வரைய எளிதாக ஏதாவது? பச்சை முட்டை வெள்ளை சேர்க்காமல்.

சுக்குப்பொடி

100 கிராம் ஐசிங் சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு மூன்று டீஸ்பூன். கெட்டியாக இருந்தால் சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள்; கரண்டியிலிருந்து விழும் கோடு சற்று நேரம் மறையாமல் நிற்க வேண்டும். சின்ன பிளாஸ்டிக் பையில் ஊற்றி மூலையை ஊசிமுனை அளவு கத்தரித்தால் அதுதான் கோன். குக்கி முழுக்க ஆறியிருக்கணும். காய ஒரு இரவு விடுங்கள், அதற்கு முன் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முட்டை வெள்ளை ஐசிங்தான் வேண்டும் என்றால் பாஸ்சரைஸ் செய்த வெள்ளையோ மெரிங்க் பவுடரோ வாங்கிக்கொள்ளலாம்.

புதுஓவன்

வெண்ணெய்க்கட்டி அக்கா போட்ட கணக்கை அப்படியே காலண்டரில் எழுதிட்டேன். தராசும் ஆர்டர் போட்டாச்சு. பழக் கேக், பிஸ்தா ஷார்ட்பிரெட், ஜிஞ்சர்பிரெட் நட்சத்திரம், இந்த மூணுதான்.

கடைசியா ஒண்ணு. ஒரு டப்பாவை வெளியூருக்குக் கூரியரில் அனுப்பணும். எது உடையாம போகும்?

தராசுமுள்

பழக் கேக் துண்டும் கனமாக வெட்டிய ஷார்ட்பிரெட்டும் தாங்கும். ஜிஞ்சர்பிரெட்டில் மெல்லிய கை கால் உள்ள பொம்மை உடையும். இதயம், வட்டம் மாதிரி முனை இல்லாத வடிவங்களை அனுப்புங்கள். பிறைநிலா பிஸ்கட்டை நினைக்கவே வேண்டாம், தூளாகத்தான் போய்ச் சேரும்.

இரண்டிரண்டு பிஸ்கட்டாக முதுகோடு முதுகு சேர்த்துச் சுற்றி, டப்பாவில் படுக்க வைக்காமல் நிற்க வைத்து நெருக்கமாக அடுக்குங்கள். ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. இடைவெளியில் கசக்கிய காகிதம் திணியுங்கள். அந்த டப்பாவைச் சற்றுப் பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதம் அடையுங்கள். சாக்லேட்டில் முக்கியது வேண்டாம், வழியில் எங்கே வெயிலில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மூடியின் உட்புறம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்கள்: மைதா, வெண்ணெய், முட்டை, பிஸ்தா, தேன், சுட்ட தேதி. திறப்பவர் வீட்டில் யாருக்கு எது ஆகாது என்று நமக்குத் தெரியாது.

புதுஓவன்

சீட்டு எட்டு டப்பாவிலும் ஒட்டிடறேன். ஞாயிறு கேக் சுட்டதும் படம் போடறேன்.